ஒரு முழம் விட்டு வெட்டினேன், மாடி நிறையப் பூ

147 மொட்டுகள். போன பங்குனியில் ஒரு விடியற்காலை, நாலே நாலு தொட்டிச் செடிகளிலிருந்து நானே எண்ணி எண்ணிப் பறித்தது. எண்ணி முடித்ததும் நம்ப முடியாமல் தரையில் துண்டை விரித்துக் கொட்டி மறுபடியும் எண்ணினேன். அதே 147. மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மல்லிகை புதிதா என்று கேட்பீர்கள். கடையில் வாங்கி வைத்த பூவுக்கும், நான் தண்ணீர் ஊற்றிய செடி எனக்குக் கொடுத்த பூவுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை!

அதற்கு முந்தைய வருடம் இதே செடிகளில் ஒரு கைப்பிடிப் பூகூட இல்லை. நர்சரியில் நாலு குண்டுமல்லி, இரண்டு ரோஜா, ஒரு செம்பருத்தி வாங்கி வந்து மாடியில் வைத்திருந்தேன். எனக்கு அதுதான் முதல் தோட்டம். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு. செடிகள் தளதளவென்று வளர்ந்து கொடி மாதிரி நீண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கின. மொட்டு மட்டும் இல்லை. விசாரித்த இடத்தில் எல்லாம் இன்னொரு உரம், இன்னொரு மருந்து, இன்னொரு செடி வாங்கத்தான் சொன்னார்கள். நானும் வாங்கினேன்.

எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் கூடையோடு வரும் பூக்காரம்மாவிடம்தான் விடை இருந்தது. அவருடைய அண்ணனுக்குத் திருமங்கலம் பக்கத்தில் மல்லித் தோட்டம். ஒருநாள் பூக்காரம்மாவை மாடிக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். செடியைப் பார்த்தார், ஒரு குச்சியை வளைத்துப் பார்த்தார். “கார்த்திகைல கத்திய வைக்காத மல்லி பங்குனில என்னத்தத் தாயி பூக்கும்?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மல்லி பூப்பது புதுத் தளிரின் நுனியில். முற்றிய குச்சி இலையைச் சுமந்துகொண்டு நிற்குமே தவிர, மொட்டு வைக்காது. புதுத் தளிர் வேண்டுமென்றால் பழசை வெட்டியாக வேண்டும். அதனால்தான் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்கிறார்கள். தோட்டத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுவிட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். பூக்காரம்மா சென்டிமீட்டர் சொல்லவில்லை, “ஒரு மொழம் விட்டு வெட்டு” என்று கையை மடக்கிக் காட்டினார். பூ அளக்கிற அதே முழம்தான் செடிக்கும் கணக்கு என்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெட்டுவதற்கு முன் செடியைக் காயப்போட வேண்டும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுவார்கள். நான் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் மழை படாமல் நகர்த்தி வைத்து, ஐந்து நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆறாம் நாள் கவாத்துக் கத்தரியை எடுத்தேன். காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி, உள்பக்கமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட குச்சி எல்லாம் முதலில் போயின. மிச்சத்தை ஒரு முழத்தில், கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினேன். இருந்த இலைகளையும் உருவிவிட்டேன். “பச்சைச் செடியப் போயி மொட்டையடிச்சிட்டியேடி” என்று அம்மா கண் கலங்கிவிட்டார். எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது.

தொட்டியைக் கிளறியபோது இன்னொன்றும் தெரிந்தது. அடியில் இருந்த ஓட்டை மண்ணால் அடைபட்டு, வேர் சேற்றில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டையில் உடைந்த ஓட்டுச் சில்லு வைத்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி எரு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து போட்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்திருந்ததை நாள் முழுக்க வெயில் அடிக்கும் தெற்குச் சுவருக்கு மாற்றினேன். மல்லிக்கு வெயில்தான் சோறு. நிழலில் வைத்துவிட்டு என்ன உரம் போட்டும் பயனில்லை.

பன்னிரண்டாம் நாள், வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவில் அரிசி முனை அளவுக்குப் பச்சை! அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு வாரத்தில் ஒவ்வொரு குச்சியிலும் நாலைந்து தளிர். தை மாதம் முழுக்க நான் மாடியில்தான் குடியிருந்தேன்.

நடுவில் ஒரு பயம் வந்தது. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு ஆழ்துளைத் தண்ணீர் உப்புத் தண்ணீர். அந்த மாதிரித் தண்ணீரில் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் சரியாக எடுக்க முடிவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பு 5 கிராம் கரைத்து வாரம் ஒருமுறையாக மூன்று தடவை இலையில் தெளித்தேன். பச்சை திரும்பிவிட்டது. பிறகு மொட்டு விட்டபின் மொட்டுப்புழு வந்தபோது, துளை விழுந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளித்தேன். அதுவும் போனது.

மாசி பாதியில் முதல் அரும்பு. பங்குனியில் அந்த 147. பறிப்பதே ஒரு சுகம். அன்று மாலை விரியப்போகும் மொட்டு வெள்ளையாகப் பருத்து நிற்கும், நாளைக்கு உரியதில் கொஞ்சம் பச்சை ஓடும். சூரியன் ஏறுவதற்குள் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மாலையில் அம்மா வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினார். விளக்கு ஏற்றும் நேரத்தில் மொட்டுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. வீடே மணத்தது, மாடிப்படி மணத்தது, கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்து “யாரு வீட்டுல விசேஷம்?” என்று கேட்டார்!

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அதன் கன்றுகள் பெரும்பாலும் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்தின் மணல் பூமியில் வேர்விட்டுத்தான் வருகின்றன. கடற்கரையில் கிளம்பி எங்கள் ஊர் மண்ணில் மணக்கிற பூ! அந்தத் தடித்த இதழையும் உருண்ட மொட்டையும் என் மாடியிலேயே பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது பிச்சியும் முல்லையும் சேர்ந்திருக்கின்றன. பிச்சிக்கு டிசம்பர் கடைசியில் கவாத்து, முல்லைக்கு ஜனவரி கடைசியில். ரோஜாவையும் வெட்டினேன், செக்கச்சிவந்த துளிர் விட்டு ஆளுயரத்துக்கு நிற்கிறது.

முதல் தோட்டம் போட்டு, இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே! புதுச் செடி வாங்க இந்த மாதம் நர்சரிக்குப் போகாதீர்கள். இருக்கிற மல்லித் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள், அடி ஓட்டையைப் பாருங்கள். கார்த்திகையில் தொட்டி மண்ணிலிருந்து ஒரு முழம் விட்டு, பயப்படாமல் வெட்டுங்கள்.