அரைப்புள்ளியும் முற்றுவினையும்

அரைப்புள்ளியைத் தமிழுரைநடைக்கு வேண்டாத அந்நியக் குறியெனக் கருதுவாருமுளர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து அல்டசு மனுத்தியசின் அச்சகத்தில் அது வழக்குப் பெற்றது என்பதும், நம் ஏட்டுச்சுவடிகள் அதனை அறியா என்பதும் மெய்யே. ஆனால், சுவடி எழுதியோர்க்கு நிறுத்தமே தேவைப்படவில்லை என்று இதனாற் கொள்ளுதல் பிழையாகும். உரையாசிரியர் ‘என்க’, ‘என்றவாறு’ என முடித்த இடங்களெல்லாம் சொல்லால் இட்ட குறிகளே. அச்சுநூலைத் தனித்திருந்து கண்ணால் வாசிக்கும் காலம் வந்தபோது அப்பணியிற் பெரும்பகுதியைக் குறிகள் ஏற்றன. பீட்டர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த ஆறுமுக நாவலர் (1822 - 1879) பின்னர் சைவ உரைநடை நூல்களிலும் நிறுத்தக் குறிகளைக் கையாண்டார். பிறர் கருவியென அவர் கூசவில்லை.

எனவே குறியின் பிறப்பன்று, அது நிற்கும் இடமே ஆராயற்பாலது. மாணவர் கட்டுரைகளில் ‘மழை பெய்து; குளம் நிரம்பியது’ என்பது போன்ற தொடர்களைக் காணலாம். ‘பெய்து’ என்னும் வினையெச்சம் தன் முடிபை நாடிச் செல்கின்றது. அதனை இடைவழியில் மறித்தல் தகாது. ‘மழை பெய்தது; குளம் நிரம்பியது’ என்பதே பொருந்தும். குறிக்கு முன்னே முற்றுவினையோ பெயர்ப் பயனிலையோ நிற்றல் வேண்டும். ‘நூல் சிறிது; ஆயினும் பயன் பெரிது’ என்பதில் அதற்கு இடமுண்டு. ‘நூல் சிறிதாயினும் பயன் பெரிது’ என்றெழுதினால் எக்குறியும் வேண்டா. எண்ணும்மை பெற்று அடுக்கி வரும் பெயர்களுக்கிடையே அரைப்புள்ளி இடுவாரும் உளர். ‘உம்’ செய்து முடித்த வேலையை மீளச் செய்வதன்றி அதனால் வேறு பயனில்லை.

இலக்கணப் பிழையினும் நுண்ணிய குறையொன்று திறனாய்வுக் கட்டுரைகளிற் காணப்படுகின்றது. ‘கவிஞர் பேச்சுமொழியைக் கையாண்டார்; கவிதை மக்களிடம் சென்றது’ என்னும் கூற்றை நோக்குக. இடையில் முற்றுப்புள்ளி இருப்பின் இவை இரு செய்திகள் மட்டுமே. ‘கையாண்டமையால்’ என்று எழுதின் காரணங்கூறியவர் அதனை நிறுவக் கடமைப்படுவர். அரைப்புள்ளியோ காரணத்தைக் குறிப்பால் உணர்த்தி, சான்று காட்டும் பொறுப்பிலிருந்து எழுதியவரை விடுவித்து விடுகின்றது. சிறுகதையில் இது அழகு; சொல்லாத தொடர்பை வாசகர் தாமே கண்டு மகிழ்வர். திறனாய்விலோ இது நழுவல். அத்தகைய இடங்களிலே குறியை நீக்கி ‘ஆல்’ உருபைப் பெய்து எழுதிப் பார்ப்பின், பல கூற்றுகளை எழுதியவரே கைவிட நேரும்.