தில்லை கோவிந்தன் மாதவையாவின் தன்வரலாறா?

புதின ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை அறிந்துகொண்டு அவர்தம் புதினத்தை ஆராய்வது நம் ஆராய்ச்சியுலகில் வழக்கமாகிவிட்டது. முதுகலை மாணவர் எழுதும் ஆய்வேடுகள் பலவற்றில் முதல் இயல் ஆசிரியர் வரலாறாகவே அமைதலைக் காண்கின்றோம். இம்முறையில் குற்றமில்லை. ஆனால், புதினத்திலிருந்தே வாழ்க்கையை எடுத்து, அவ்வாறு எடுத்த வாழ்க்கையைக் கொண்டே புதினத்தை விளக்கப் புகுவோமாயின், நம் ஆராய்ச்சி செக்குமாடு சுற்றிய வழியாய் முடியும். அ. மாதவையாவின் ஆங்கிலப் புதினமாகிய 'தில்லை கோவிந்தன்' இத்தகைய ஆராய்ச்சிக்குப் பன்முறை ஆளாகியுள்ளது. அதன் தலைவன் மாதவையாவே என்னும் கருத்து எத்துணை வலிவுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புதினத்திற்குப் புறம்பான சான்றுகளால் நாம் அறியும் மாதவையாவின் வரலாறு சுருக்கமானது. அவர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நெல்லை நாட்டுப் பெருங்குளத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அரசினரின் உப்புத்துறையில் பணி ஏற்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் புதினங்கள் இயற்றினார். 1924-ஆம் ஆண்டில் 'பஞ்சாமிர்தம்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமெனப் பேசி அமர்ந்தவர், அவ்விடத்தேயே உயிர் நீத்தார்.

1903-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில்லை கோவிந்தன்' அந்தணர் குடியில் பிறந்த இளைஞன் ஒருவனைப் பற்றியது. அவன் ஆங்கிலக் கல்வி பெறுகின்றான். முன்னோர் வழிவந்த நம்பிக்கைகள் அவனுள்ளத்தில் ஆட்டங்காண்கின்றன. இவ்வளவும் ஆசிரியர் வாழ்க்கையோடு ஒத்திருத்தல் கூடும். எனினும், அந்நாளில் ஊரைவிட்டுச் சென்னைக்குச் சென்று ஆங்கிலம் பயின்ற இளைஞர் எத்துணையோ பேருக்கும் இவை பொதுவானவை. ஒரு தலைமுறைக்கே உரியதை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குதல் பொருந்துமா?

இதனைத் தெளிய ஓர் ஒப்பீடு துணைசெய்யும். பி. ஆர். ராஜம் ஐயரும் 1872-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவரே. மாதவையாவின் 'சாவித்திரி சரித்திரம்' 1892-ஆம் ஆண்டில் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கிச் சில பகுதிகளோடு நின்றது. அடுத்த ஆண்டு அதே இதழில் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடங்கியது. ஆண்டு, கல்லூரி, இதழ் ஆகிய மூன்றும் ஒன்றாயிருந்தும், ஒருவர் புதினம் வேதாந்த அமைதியை நாடிச் செல்கின்றது; மற்றவர் புதினம் குழந்தை மணத்தையும் கைம்பெண் துயரையும் நோக்கிச் செல்கின்றது. வாழ்க்கையின் புறவரம்பே புதினத்தை ஆக்கவல்லதாயின் இவ்வேற்றுமை தோன்றக் காரணமில்லை.

பிறந்த ஊரைக் கொண்டு முடிவுகட்டுவதும் இத்தகையதே. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் முதலிய ஊர்களையுடைய கடலூர் மாவட்டத்தார், சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தனைத் தம்மவர் எனக் கருதுவதற்கு இடமுண்டு. அவர் 1906-ஆம் ஆண்டில் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஆயினும் 1918-ஆம் ஆண்டில் அவர் குடும்பம் திருநெல்வேலிக்கு மீண்டது. அவர் கதைகளில் நாம் பெரிதும் காண்பன நெல்லைப் பேச்சும் சென்னைத் தெருக்களுமேயன்றி நடுநாட்டு நிலமன்று. பிறப்புக் குறிப்பு வரலாற்றிற்குப் பயன்படும். கதையின் நிலத்தைக் கதையே காட்டுதல் வேண்டும்.

இனி, நூலின் அமைப்பைக் காண்போம். 'தில்லை கோவிந்தன்' வெளிவந்த 1903-ஆம் ஆண்டிலேயே 'முத்துமீனாட்சி'யும் நூலாயிற்று. அதுவும் தன்வரலாற்று வடிவினதே. இளமையில் கணவனை இழந்த பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுகின்றாள். அவள் மாதவையா அல்லள் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆசிரியரின் கற்பனைத் திறத்தையே அங்குப் பாராட்டுகின்றோம். அவ்வாறாயின், கோவிந்தன் 'நான்' என்று கூறும்போது மட்டும் கற்பனைத் திறத்தை மறந்து வாழ்க்கைக் குறிப்பைத் தேடுவானேன்? தன்மை இடத்தில் கதை கூறுதல் ஓர் உத்தி. ஓரிடத்தில் உத்தியென்றும் மற்றோரிடத்தில் சான்றென்றும் கொள்ளுதல் முறையன்று.

மேலும், இந்நூல் கோவிந்தனின் மறைவுக்குப்பின் வெளியிடப்படும் தன்வரலாறு என்ற போர்வையோடு, 'பம்பா' என்பவர் பதிப்பித்ததாக வெளிவந்தது. கதைத்தலைவன் இறந்துவிட்டான்; முப்பதை அடுத்த அகவையினரான ஆசிரியரோ உயிருடன் இருக்கின்றார். இருவரும் வேறாவர் என்பதை இதனினும் தெளிவாக ஓர் ஆசிரியர் எவ்வாறு உணர்த்த இயலும்? தம் வாழ்க்கையை மறைக்கவே புனைபெயர் பூண்டார் எனச் சிலர் கூறலாம். தம் இனத்தாரின் குறைகளை எடுத்துக்காட்டும் அரசு அலுவலர் ஒருவர்க்குப் பெயரை மறைக்கக் காரணம் இருத்தல் இயல்பே. ஆனால் அது நூலை எழுதியவர் யார் என்பதை மறைப்பதற்கான காரணம். எழுதப்பட்டது அவர் பட்டறிவே என்பதற்குச் சான்றாகாது.

புறச்சான்று எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு ஆங்கில இலக்கியத்தினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். சார்லஸ் டிக்கன்சின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' 1849, 1850-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1824-ஆம் ஆண்டில், தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, பன்னிரண்டு அகவைச் சிறுவரான டிக்கன்சு காலணி மெருகு மை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். இச்செய்தியை உலகம் அறிந்தது 1870-இல் அவர் மறைந்த பின்னர், நண்பர் ஜான் பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே. பார்ஸ்டர் அதனைப் புதினத்திலிருந்து ஊகிக்கவில்லை. டிக்கன்சு தனியே எழுதித் தந்த தன்வரலாற்றுக் குறிப்பு அவரிடம் இருந்தது. அதற்கு முன் இருபதாண்டுகள் அச்செய்தியை அறியாதவரும் புதினத்தைச் சுவைத்தனர் என்பதும் கருதத்தக்கது.

இவ்வாறு கூறுவதால் ஆசிரியர் வரலாறு வேண்டாவென்பது நம் கருத்தன்று. அது இன்றியமையாத இடங்கள் உள. 'பத்மாவதி சரித்திரம்' முதற்பகுதி 1898-ஆம் ஆண்டிலும் இரண்டாம் பகுதி 1899-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மூன்றாம் பகுதி கால் நூற்றாண்டு கழித்துப் 'பஞ்சாமிர்த'த்தில் வந்துகொண்டிருக்கையில் ஆசிரியர் மறைந்தார், அது முற்றுப்பெறவில்லை. இதனை அறியாதவர் அதன் முடிவின்மையைக் கலைநோக்கம் என மயங்குவர். இருபதுகளில் எழுதியவரும் ஐம்பதைக் கடந்து எழுதியவரும் ஒரே மனத்தினர் எனக் கொள்வர். 'முத்துமீனாட்சி' என்பது இடையில் நின்ற 'சாவித்திரி சரித்திர'த்தின் திருந்திய வடிவம் என்பதை அறியாதவர், அதன் வித்து 1892-ஆம் ஆண்டினது என்பதை உணரார். இங்கெல்லாம் வாழ்க்கை வரலாறு நூலின் காலத்தையும் வடிவையும் விளக்குகின்றது. கதைமாந்தரின் உள்ளத்தை விளக்க முற்படவில்லை. இதுவே அதன் எல்லை.

இவ்வெல்லையை மீறுவதால் விளையும் இழப்பு ஒன்றுண்டு. தமிழ்த்துறைகளில் 'தில்லை கோவிந்தன்' பெரும்பாலும் தமிழ்ப் புதின ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கைச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. புதினமாகப் பயிலப்படுவது அரிது. வாழ்க்கைச் சான்றாக உதவாமையின் 1909-ஆம் ஆண்டின் 'சத்தியானந்தன்' மறக்கப்படுகின்றது. பாளையங்கோட்டையில் 1785-ஆம் ஆண்டில் கோயில் எழுப்பிய கிறித்தவப் பெண்மணியின் வரலாற்றைப் புதினமாக்கிய 'கிளாரிந்தா' (1915) ஆங்கிலத்துறையாரிடம் விடப்படுகின்றது. தமிழுக்காகப் பேசிய நாவோடு மறைந்த ஒருவரின் படைப்பை நாமே மொழியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கலையென்றும் மறுபாதியைக் குறிப்பென்றும் வைத்திருக்கின்றோம்.

ஆதலின், மாதவையாவை ஆராய முற்படும் முதுகலை மாணவர் 'முத்துமீனாட்சி'யையும் 'தில்லை கோவிந்த'னையும் அருகருகே வைத்துப் படிப்பாராக. ஓராண்டில் நூலாகிய இவ்விரு கற்பனைத் தன்வரலாறுகளில், ஒரு பெண்ணின் குரல் தமிழிலும் ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்திலும் எழுந்தது ஏன் என்னும் வினா இன்னும் நிறைவாக ஆராயப்பெறவில்லை. அதற்குரிய விடை அவ்விரு நூல்களின் நடையிலும் அமைப்பிலும் தேடத்தக்கதாகும்.