பெயர் மட்டும் போதுமா?

தெருவில் நின்று "முருகா!" என்று கூவினால் யார் வருவார்? உங்கள் வீட்டு முருகன் வரலாம். அவன் ஊரில் இல்லாவிட்டால் முன்பின் அறியாத வேறொரு முருகனும் வந்து நிற்கலாம். வந்தவன் யாரென்று பாராமல் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் கணிப்பொறி இதைத்தான் பல ஆண்டுகள் செய்து வந்தது.

எந்தப் பெரிய நிரலும் எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. பொதுவான பணிகளுக்குத் தனியே எழுதி வைத்த துணைநிரல்களை வேண்டும்போது அழைத்துக்கொள்ளும். இவற்றை நூலகக் கோப்புகள் என்பர். விண்டோஸில் இவை 'டி.எல்.எல்.' எனப்படும். நிரல் எழுதியவர் முழு முகவரி தராமல் பெயரை மட்டும் தந்தால், விண்டோஸ் இடம் இடமாகத் தேடும். முதலில் நிரல் இருக்கும் கோப்புறை, பிறகு விண்டோஸின் சொந்தக் கோப்புறைகள். அங்கும் கிடைக்காவிட்டால், அப்போது நடப்பிலுள்ள கோப்புறை. ஆபத்து இங்கேதான் நுழைகிறது.

அலுவலகங்களில் செய்தி அனுப்பவும் கூட்டம் நடத்தவும் பயன்பட்ட 'மைக்ரோசாப்ட் லிங்க் 2010' மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பலரும் பகிரும் ஒரு கோப்புறையில் கூட்டத்துக்கான கோப்பு இருக்கிறது. அதன் அருகே, லிங்க் தேடும் பெயரிலேயே ஒரு போலி நூலகக் கோப்பை விஷமி வைத்துவிடுகிறான். ஊழியர் கூட்டக் கோப்பைத் திறந்ததும் போலியும் ஓடத் தொடங்கும். அவருக்குள்ள உரிமைகள் அனைத்தும் அதற்கும் கிடைத்துவிடும்! இக்குறையை மைக்ரோசாப்ட் 2012 ஜூனில் திருத்தியது.

திருத்தியது நன்றே. ஆனால் தாமதத்தை எப்படிப் பாராட்டுவது? பல்கேரிய நிபுணர் கியோர்கி குனின்ஸ்கி இத்தகைய குறையை 2000-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பின்னர் நடப்புக் கோப்புறை தேடல் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது, நீக்கப்படவில்லை. 2010 ஆகஸ்டில் பொது எச்சரிக்கை வந்தது. அப்போதும், அந்த வழியை அடைக்கும் வசதி தரப்பட்டதேயன்றி, வழி தானாக அடைக்கப்படவில்லை. பழைய நிரல்கள் இயங்காமற் போகலாம் என்பது காரணம். அதனால் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே செப்பனிட வேண்டியதாயிற்று.

அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் சுமை யார் தலையில் விழுந்தது? "அறியாத கோப்புகளைத் திறக்காதீர்" என்று பயனருக்கு உபதேசிப்பது வழக்கம். இங்கோ திறந்த கோப்பில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அதன் பக்கத்தில் இருந்தது. போலியை மறைகோப்பாக வைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. பயனரால் காண முடியாத ஆபத்தை அவரே தடுக்கவேண்டும் என்பது முறையன்று.

லிங்க் என்ற பெயர் 2015-இல் 'ஸ்கைப் ஃபார் பிசினஸ்' என மாறியது. இந்த வகைப் பிழை மட்டும் இன்னும் மறையவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய நிறுவல் நிரலை அதே கோப்புறையில் வைத்து ஓட்டினால், அங்கே கிடக்கும் போலி நூலகத்தை அது எடுத்துக்கொள்ளக்கூடும்.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களே! நூலகத்தை அழைக்கும்போது முழு முகவரியையும் எழுதுங்கள். நடப்புக் கோப்புறையில் தேடாதே என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதச் சோம்பினால், அதன் விலையை உங்களை அறியாத யாரோ ஒருவர் கொடுக்க நேரும்.