வழிநூல் மலிந்த உலகு
(அற்புதக் கதைக் கணினி விளையாட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு)

நூலினை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது நம் இலக்கண மரபு. வழிநூலாசிரியன் முதல்நூலின் பொருளைத் தழுவிச் செல்வான். ஆயினும், தான் வேண்டிய வேறுபாட்டையும் அதனோடு சேர்ப்பான். அவ்வேறுபாடு இல்லையெனின் அது படியெடுத்த ஏடேயன்றி நூலாகாது. வான்மீகியின் கதையைப் பாடவந்த கம்பர் கோசல நாட்டை வருணிக்குமிடத்துச் சோழநாட்டு வயலும் வாய்க்காலும் நம் கண்முன் தோன்றுகின்றன. பெற்ற பொருள் பிறருடையது. பெருக்கிய வளம் தம்முடையது. இவ்வளவுகோலைக் கொண்டு, இன்றைய இளைஞர் தம் ஓய்வுப்பொழுதிற் பெரும்பகுதியைச் செலவிடும் ஒரு புதிய கலையை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அற்புத உலகங்களைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுக்களே அக்கலையாம்.

இவ்விளையாட்டுக்களுட் சிலவற்றை அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். கல்லாலான கோட்டை, பனி மூடிய மலை, கூரிய செவியுடைய எல்வ் என்னும் வனக்குலத்தார், தாடி வளர்த்துச் சுரங்கம் அகழும் குள்ளர், ஓர்க் எனப்படும் முரட்டுக் கூட்டத்தார், தீயுமிழும் பறவைநாகம் ஆகியன மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். 1994 இல் தொடங்கிய வோர்கிராப்ற் வரிசையை நோக்கினும், 2011 இல் வெளிவந்த ஸ்கைரிமை நோக்கினும், ஊரும் பேரும் வேறாகலாம். குடிகள் ஏறக்குறைய அவையே. எல்லையற்றது எனப் போற்றப்படும் கற்பனை, ஐரோப்பாவின் வடபுலத்தே எல்லைக்கல் நாட்டிக்கொண்டமைக்குக் காரணம் யாது?

இவ்வுலகிற்கு முதல்நூல் செய்தவர் ஒக்ஸ்போட்டிற் பேராசிரியராயிருந்த ரொல்கீன். 1937 இல் ஹொபிற் என்னும் கதையையும், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் லோட் ஒவ் த றிங்ஸ் என்னும் பெருங்கதையையும் அவர் வெளியிட்டார். 1974 இல் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர், தாயக்கட்டையும் தாளும் பென்சிலும் கொண்டு ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டை அமைத்தனர். அதற்கு வேறு ஊற்றுக்களும் உண்டு. எனினும், ரொல்கீனின் குடிகள் அதிற் குடியேறினர் என்பது வெளிப்படை. ஹொபிற் என்னும் பெயரையே அவ்விளையாட்டு முதலில் எடுத்தாண்டது. உரிமையாளர் தடைகூறவே, பின்னர் அப்பெயரை மாற்றிக்கொண்டது. அதன் வழியே 1981 இல் விசாட்றி, அல்ரிமா என்னும் கணினி விளையாட்டுக்கள் தோன்றின. அவற்றைப் பார்த்து 1986 இல் யப்பானியர் டிராகன் குவெஸ்ற்றை ஆக்கினர். முதல்நூல் வழிநூலைத் தந்தது. வழிநூல் சார்புநூல்களைத் தந்தது. சார்புநூல்களோ எண்ணிறந்து பெருகின.

இதன் பொருட்டு ரொல்கீனைக் குறைகூறல் தகாது. அவர் பழைய ஆங்கிலத்தையும் வடநாட்டுப் பழம்பாடல்களையும் ஆழ்ந்து கற்றவர். ஹொபிற் கதையில் வரும் குள்ளரின் பெயர்களைப் பழைய ஐஸ்லாந்துப் பாடலொன்றினின்று எடுத்தார். இலியாஸ் லொன்றொட் என்பார் நாட்டார் பாடல்களைத் திரட்டி 1835 இல் வெளியிட்ட கலேவலா என்னும் பின்லாந்துக் காப்பியத்தில் ஈடுபட்டார். தாம் புனைந்த மொழியொன்றற்குப் பின்லாந்து மொழியின் ஓசையினின்று ஊக்கம் பெற்றார். தம் மண்ணையும் அதன் அயல் மண்ணையும் நெடுநாள் உழுது அவர் பெற்ற விளைவு அது. பின்வந்தோரிற் பலர் அவ்விளைவைக் களஞ்சியத்தினின்று அள்ளினரேயன்றி, அவர்போல் ஏர் பிடித்திலர். அவர் செய்துமுடித்ததைச் செய்தனர். அவர் செய்தவாறு செய்திலர். குறை இங்கேதான் உள்ளது.

‘பிறநாட்டுப் பழங்கதைகளையும் இவ்விளையாட்டுக்கள் எடுத்தாளவில்லையோ?’ என ஒருவர் வினவலாம். எடுத்தாண்டன, எவ்வாறு என்பதே கேள்வி. யப்பானியரின் பைனல் பன்ரசி வரிசையிலே சிவா என்னும் பெயரில் வருபவள் பனிக்கட்டியை ஏவும் ஒரு பெண். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸிலே இராட்சதன் என்பான் புலித்தலை கொண்ட ஒரு பிராணி. கொட்றிங்ரன் என்பார் 1891 இல் மெலனேசியர் பற்றி எழுதிய நூலால் மேலைநாட்டார் பலர் அறிந்துகொண்ட ‘மனா’ என்னும் கருத்து, பசிபிக் தீவினர் தெய்விக ஆற்றலைக் குறிக்க வழங்கியது. விளையாட்டுக்களிலோ அது மந்திரம் சொல்லுந்தோறும் குறைந்து, மருந்து குடித்தால் நிரம்பும் ஒரு நீலக் கோடாயிற்று. இவை பொம்மைக்கு உடுத்திய உடைகள், பொம்மை மாறவில்லை.

அப்பொம்மை யாது? விளையாட்டின் விதியே அது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுக்களின் வழிவந்தது. பகையைக் கொல்லுக, பொன்னைக் கவர்க, அநுபவப் புள்ளி பெற்று மேற்படியேறுக, மேலும் பெரிய பகையைக் கொல்லுக என்பதே அதன் அடிப்படை. கதையாசிரியனுக்கு நடை எவ்வாறோ, விளையாட்டு அமைப்பாளனுக்கு விதி அவ்வாறு. ஒரு சமுதாயம் உலகை எவ்வாறு நோக்குகின்றது என்பது விதியினுள் இறங்காதவரை, எத்தனை நாட்டுப் பெயர்களை ஒட்டினும் பன்மை விளையாது.

விதியினுள் இறங்கிய சில முயற்சிகளையும் காண்போம். றிச்சட் கரியற் 1985 இல் வெளியிட்ட நான்காம் அல்ரிமாவிற்கு ‘அவதாரத்தைத் தேடி’ எனப் பொருள்படும் பெயர் இட்டார். நம் சமயத்தில் அவதாரம் என்பது இறைவன் கீழிறங்கி வருதல். அங்கோ மனிதன் மேலேறிச் செல்லுதல். கருத்துத் தலைகீழாயிற்று என்பது மெய். எனினும், இறுதியிற் கொல்லுதற்குரிய கொடியோன் ஒருவன் அதில் இல்லை. எட்டு அறங்களில் நிறைவு பெறுதலே முடிவு. அயற்சொல்லோடு விதியும் மாறியதனால் அது மதிக்கத்தக்கது.

2006 இல் வந்த ஓகாமியில் யப்பானியரின் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமத்தெராசு வெண்ணிற ஓநாய் வடிவில் வருகின்றாள். ஆடுவோன் தூரிகையால் திரைமீது கோடிழுக்க, பட்டமரம் பூக்கின்றது. வட்டம் வரைய, வானில் ஞாயிறு எழுகின்றது. விலங்குக்கு உணவிட்டாலும், வாடிய நிலத்தைத் தளிர்ப்பித்தாலும் தெய்வத்தின் புகழ் வளர்கின்றது, அப்புகழே வலிமையாகின்றது. போரும் அங்குண்டு, ஆயினும் வழிபாடு விதியாயிற்று.

2014 இல் வெளிவந்த நெவர் அலோன், அலாஸ்காவின் இனுப்பியாற் மக்களுடன் கூடி ஆக்கப்பட்டது. றொபேட் நசுறுக் கிளீவ்லன்ட் என்னும் கதைசொல்லி கூறிய கதையைத் தழுவ, அவருடைய மகளாரிடம் இசைவு பெற்றனர். கதை அம்மக்களின் மொழியிலேயே சொல்லப்படுகின்றது. சிறுமி ஒருத்தியும் பனிநரியொன்றும் ஒருவர்க்கொருவர் துணையாகச் செல்ல வேண்டும். சூறைக்காற்று வீசும்போது எதிர்த்து ஓடாது குனிந்து நிற்றல் வேண்டும். துணையின்றி வாழ்வில்லை என்னும் அவர்தம் அறம் ஆடுவோனின் விரல்வழியே உணரப்படுகின்றது. பொன் கவர்தல் அங்கே இல்லை.

‘பழகிய உலகே விலைபோகும்’ என்பது வணிகர் கூற்று. அது பொய்யாதலையும் கண்டோம். போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி, சிலாவியரின் நாட்டார் நம்பிக்கைகளைப் பெய்து 2015 இல் வந்த மூன்றாம் விற்சர், 2023 அளவில் 5 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றது. சீனரின் மேற்றிசை யாத்திரைக் கதையினின்று 2024 ஓகஸ்ற்றில் எழுந்த பிளாக் மித்: வூகொங், மூன்றே நாளில் 1 கோடி படிகள் விற்றதாக அதனை ஆக்கியோர் அறிவித்தனர். ஆனால், சந்தையில் வென்றமையாலேயே கலையிலும் வென்றன என யாம் கொள்ளோம். வூகொங்கின் கோயில்களும் சிற்பங்களும் கண்ணைக் கவரினும், ஆட்டம் பெரும்பாலும் அடுத்தடுத்த போர்களே. புனே நகரிலே ஆக்கப்பட்டு 2020 இல் வந்த ராஜி, துர்க்கையையும் திருமாலையும் கதை கூறுவோராக்கி, பாவைக்கூத்தின் சாயலையும் கொண்டது. அதுவும் போர்விதியினின்று முற்றும் விடுபடவில்லை. இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கன, முடிந்த முடிபு அல்ல.

இதனால் இழப்பது யாதெனின், அற்புதம் என்பதே பிறர் நாட்டில் நிகழ்வது என்னும் எண்ணம் இளநெஞ்சில் வேரூன்றுகின்றது. தன் ஊர் ஆலமரத்திலும் குளக்கரையிலும் வியப்பைக் காணாத சிறுவன், கோட்டைவாயிலிலே அதனைத் தேடுகின்றான். வடபுலத்தாரின் கதைகளை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அவையும் மனித குலத்தின் செல்வமே. ஒரு செல்வம் மட்டுமே செல்வமெனக் கருதுதலே வறுமை. ஆதலின், கணினிக்கலை பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: நிரல் எழுதுமுன் ரொல்கீன் செய்ததைச் செய்ம்மின். தம் மக்களின் கதையைக் கேண்மின். அக்கதையுள் உறையும் அறத்தை அறிமின். அவ்வறத்தையே ஆட்டத்தின் விதியாக்குமின். அன்றே வழிநூல் மலிந்த இவ்வுலகில் மீண்டும் முதல்நூல்கள் தோன்றும்.