பைலா: தாளம் நிலைத்தது, சொல் தேய்ந்தது

ஒருகொடவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமண வரவேற்புகள் எந்த மொழியில் தொடங்கினாலும் பெரும்பாலும் பைலாவில்தான் முடிகின்றன. ஆறு-எட்டுத் தாளம் எழுந்ததும் பாட்டியும் பேரனும் ஒன்றாக ஆடுகிறார்கள். இவ்வளவு நெருக்கமான இசையைக் கும்மாளம் என்று சொல்லி ஒதுக்கிவைத்திருக்கிறோம். அதையும் கலையாகக் கொண்டு நிறைகுறை பார்ப்பதே அதற்குரிய மரியாதை.

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1658இல் முற்றாக வெளியேறினர். பின்வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கினார்கள். ஆனாலும் போர்த்துக்கேயக் கலப்புமொழி பறங்கியர் வீடுகளில் வாழ்ந்தது. அதனோடு பைலாவின் முன்னோடியான கபிரிஞ்ஞா ஆட்டமும் வாழ்ந்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமணங்களில் வயலினோடு அது ஒலித்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் மஞ்சா என்னும் பாடல்களைப் பாடுகிறார்கள். அரசவையோ ஆலயமோ புரக்காமல், எளிய மக்களின் வீட்டு விழாக்களே காத்த மரபு இது.

பைலாவின் முதல் பலம் அதன் திறந்த வாசல். 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வாலி பஸ்தியன் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைக் கொடுத்து நாடெங்கும் பரப்பினார். தமிழும் அதே வாசலால் நுழைந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே மேடையேற்றியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத் திரைப்படத்திலும் இடம்பிடித்தது. கர்நாடக இசையின் இலக்கணம் தெரியாத இளைஞனும் தன் ஊர்ப்பேச்சில் பாடலாம் என்ற துணிவை ஈழத்துப் பொப்பிசைக்குக் கொடுத்ததில் பைலாவுக்குப் பெரும் பங்குண்டு.

இரண்டாவது பலம் வாதம். வாத பைலாவில் பாடகர்கள், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பில் அந்த இடத்திலேயே சொற்கட்டி, ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். நம் எசப்பாட்டைப் போல, குரல்வளத்தைவிடச் சொல்வன்மையே அங்கே வெற்றியைத் தீர்மானித்தது.

தேய்ந்திருப்பது இந்தச் சொல்தான். இன்றைய மேடைகளில் பழைய பாடல்களின் பல்லவிகளை இடைவிடாமல் கோத்துப் பாடுகிறார்கள். ஆடுவோருக்கு அது வசதி. ஆனால் சரணம் போகிறது, சரணத்தோடு கதையும் கேலியும் போகின்றன. புதிதாக எழுதப்படும் பாட்டுகளிலும் மதுவும் பெண்ணைப் பகடி செய்வதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆட்டப்பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற சமாதானத்தை ஏற்க முடியாது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று குடிக்கு எதிராக எழுந்த பாட்டும் மக்களை ஆடவைத்ததே! தாளத்தின் மேல் பழிபோடுவதற்கில்லை. எழுதுபவரின் சோம்பலும் அதைப் பொறுத்துக்கொள்ளும் நம் காதுகளுமே காரணம்.

அடுத்த குறை, உரியவர்களை மறந்தது. பைலாவைப் போர்த்துக்கலின் கொடை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் போர்த்துக்கலின் புகழ்பெற்ற இசையான லிஸ்பன் ஃபாடோ 19ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. போர்த்துக்கேயர் இங்கிருந்து போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர். எனவே பைலா அதன் பிள்ளையாக இருக்க முடியாது. ஐரோப்பிய விதையை ஆபிரிக்கரும் பறங்கியரும் இந்த மண்ணில் வளர்த்தெடுத்த தனி மரபு அது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பிரித்தானிய அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் திரட்டிய கலப்புமொழிப் பாடல்களின் கையெழுத்துப்படி லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அந்த மொழியைப் பேசுவோர் மட்டக்களப்பில் குறைந்து வருகிறார்கள். டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் பலரை 2004 சுனாமி கொண்டுபோனது.

லிஸ்பனில் 1998இல் ஃபாடோவுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2011இல் யுனெஸ்கோ அந்த இசையை மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. நாமும் மட்டக்களப்பு, சிரம்பியடி முதியவர்களின் பாடல்களை அவர்கள் பெயரோடும் அனுமதியோடும் பதிவுசெய்து, இங்கேயே வைத்துப் பேணவேண்டும். ஆனால் ஆவணம் மட்டும் போதாது. பைலாவின் உயிர் புதுச்சொல்லில் இருக்கிறது. பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் மேடை தரும் நம் பாடசாலைகளும் மன்றங்களும் தமிழ் வாத பைலாவுக்கும் ஒரு மேடை தரட்டும். விலைவாசியையும் பஸ் நெரிசலையும் சீதனத்தையும் தலைப்பாகக் கொடுத்தால், இந்தத் தாளம் ஆட்டத்தோடு சிந்தனையையும் சுமக்கும் என்பதை இளையவர்களே காட்டுவார்கள்.