அருஞ்சொல் யாருக்கு அரிது?

வட்டார வழக்கில் எழுதப்பட்ட ஒரு நூலைக் கையிலெடுத்ததும் நான் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவேன். ‘அருஞ்சொற்பொருள்’ இருக்கிறதா, இருந்தால் யாருக்காக இருக்கிறது என்று பார்ப்பதற்கு. இடப்பக்கம் தடித்த எழுத்தில் ஊர்ச்சொல். வலப்பக்கம் ‘சரியான’ தமிழ். பிரதிக்குள் சனங்கள் பேசுகிறார்கள்; பின்னிணைப்பில் விசாரிக்கப்படுகிறார்கள். ஊர்க்காரருக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை. தேவைப்படுகிற வேறொருவரைத்தான் ‘பொது வாசகர்’ என்று பெயரிட்டு இயல்பாக்கி வைத்திருக்கிறோம்.

இதை எழுத்தாளரின், பதிப்பாளரின் கருத்தியல் என்றே பேசி வந்தோம். ஒரு கதைத் தொகுப்பின் சொற்பட்டியலை லாடெக்கில் நானே பக்கமாக்க நேர்ந்தபோதுதான், கருவிக்குள்ளும் ஒரு கருத்தியல் ஏற்கெனவே கோக்கப்பட்டிருப்பது உறைத்தது. லாடெக்கில் எதையும் சுட்டியால் இழுத்து வைக்க முடியாது. சொல்லையும் பொருளையும் ஓரிடத்தில் எழுதி, அவை தாளில் எப்படி நிற்க வேண்டும் என்பதைத் தனியே கட்டளையாகத் தர வேண்டும். சொற்பட்டியலுக்கென நிக்கோலா டால்பட் 2007இல் வெளியிட்ட ‘கிளாசரீஸ்’ என்ற தொகுதி இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது தன் இயல்பில் அடுக்கும். அந்த ‘இயல்பு’தான் இங்கே பிரச்சினை.

முதலில் வரிசை. வரிசை என்றுமே அப்பாவியாக இருந்ததில்லை. திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் தெய்வப் பெயர்கள் முதலில், மக்கட் பெயர்கள் அதற்குப் பிறகுதான். 1732இல் பெஸ்கி சதுரகராதியை அகரவரிசையில் அடுக்கியபோது தெய்வமும் தவிடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அகரவரிசைக்குள் அப்படியொரு சனநாயகம் உண்டு. ஆனால் இந்தத் தொகுதி வழக்கமாக நம்பியிருக்கும் ‘மேக்இண்டெக்ஸ்’ என்ற வரிசைப்படுத்தும் நிரல், ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. லத்தீன் எழுத்தில் தொடங்காத சொற்களையெல்லாம் ‘குறியீடுகள்’ என்ற ஒரே குழுவில் தள்ளிவிடும். அதன் கணக்கில் நம்ம பாஷை முழுசும் ஆச்சரியக்குறி, நட்சத்திரக்குறி சாதி. குழுவுக்குள்ளும் யூனிகோடு எண்களின் வரிசைதான். தமிழ் முறைப்படி ‘கம்மாய்’ முன்னால், ‘கமலை’ பின்னால். யூனிகோடில் புள்ளிக்குரிய எண் மெய்யெழுத்துகளின் எண்களுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் கமலை முந்திக்கொள்கிறது. இதைத் திருத்த வழியிருக்கிறது: ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக்கான சாவியைக் கையால் கொடுக்கலாம். நம் சொல்லை நம் வரிசையில் நிறுத்த நாம்தான் கூடுதலாக உழைக்கணும். மையத்திலிருப்பவருக்கு அது சும்மா கிடைக்கும்.

அடுத்தது பாணி. இரண்டு பத்திப் பாணியில் பொருளுக்கு வரியகலத்தில் 0.6 பங்கு இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சொல் மிச்சத்தில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். எதிரெதிரே இரண்டு பத்திகள் என்பதே ஒரு சமன்குறிதான். கம்மாய் = ஏரி. அவ்வளவுதானா? மடையும் கலுங்கும் எங்கே போச்சு? எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மடை திறந்து பாய்ச்சிய நீர்பாய்ச்சி எங்கே?

சொல்லுக்குள் கிளைச்சொற்களை அடுக்க ‘மரப் பாணி’ ஒன்றும் உண்டு. கம்மாயைத் தலைச்சொல்லாக்கி மடை, கலுங்கு, நீர்பாய்ச்சி மூன்றையும் கீழே உள்தள்ளி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. மெய்ப்பைப் பார்த்த நண்பர், கதைகளின் ஊர்க்காரர், ஒரே கேள்விதான் கேட்டார்: “அந்தாளு இங்கயும் கரைக்குக் கீழதான் நிக்கணுமா?” பதில் சொல்ல முடியவில்லை. மையம்/விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதிய கைதான் அவரை நாலு எழுத்து அகலம் உள்ளே தள்ளி வைத்திருந்தது.

அதன்பிறகுதான் எங்களுக்கென ஒரு பாணியை எழுதினேன். பட்டியல் எப்படித் தொடங்கி முடிய வேண்டும், குழுத்தலைப்பு, தலைச்சொல், கிளைச்சொல், குழுக்களுக்கிடையிலான வெளி - இந்தச் சில கட்டளைகளை மறுவரையறை செய்தால் போதும். சொல் தனி வரியில் முழு அகலத்தோடு நிற்கிறது. நீர்பாய்ச்சி தனித் தலைச்சொல். கம்மாயிலிருந்து அவருக்கு ஒரு ‘காண்க’. பொருள் சமன்குறியாக இல்லாமல், ஊர்க்காரர் சொன்ன வாக்கியமாக. சொல் வரும் பக்க எண்களைத் தொகுதி தானாகவே போடும். ‘சுத்தமா இருக்கட்டும்’ என்று பலரும் அதை நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. அந்த எண் வாசகரைச் சொல் உயிரோடிருக்கும் வாக்கியத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கதைகளில் பட்டா, அடங்கல், புறம்போக்கு, ஜமாபந்தி எல்லாம் வருகின்றன. ஒன்றுக்குக்கூடப் பட்டியலில் இடமில்லை. பிரதிக்குள் ‘இது சொற்பட்டியலுக்குரியது’ என்று நாம் குறியிட்ட சொல் மட்டும்தான் இயல்பாகப் பட்டியலுக்கு வரும். அலுவலகச் சொற்களை நான் குறியிடவே இல்லை. அவை எனக்கு ‘அரிய’ சொற்களாகத் தோன்றவில்லை. கதைகளுக்குள் மனிதர்கள் நிலத்தை இழப்பது இந்தச் சொற்களால்தான். அவற்றையும் சேர்த்தோம், அதே அகலத்தில், அதே ஊர் வாக்கியங்களோடு. ‘அருஞ்சொற்பொருள்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘சொற்கள்’ என்று மட்டும் வைத்தோம்.

வடிவத்தை மாத்தினா அதிகாரம் மாறிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். மாறாது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் சொற்களுக்கென்றே அகராதி கொண்டுவந்தபோதும் ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் பின்னிணைப்பில் நின்ற சொற்கள் ஒரு நூலின் தலைச்சொற்களாயின. லாடெக்கில் ஒவ்வொரு உள்தள்ளலுக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. நானே எழுதியிருப்பேன், அல்லது வேறொருவர் எழுதியதைத் தொடாமல் விட்டிருப்பேன். இனி ஒரு சொல் உள்ளே தள்ளி நின்றால், ‘மெஷின் அப்படித்தான் போட்டுச்சு’ என்று நான் சொல்ல முடியாது.