ஒரு மேடை, இரண்டு சாக்ஸபோன்

1980 பம்பாய் ஜாஸ் யாத்திராவை இன்றைக்கு அலசினாலும் சலிப்பதில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1978-ல், சோனி ரோலின்ஸ் போன்ற ஜாம்பவான்கள் வாசித்துத் தொடங்கிவைத்த விழா அது. 1980-ல் அங்கே சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தார் கத்ரி கோபால்நாத். தட்சிண கன்னடத்து நாதஸ்வர வித்வானின் மகன், சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டவர். வயது முப்பதை ஒட்டி. அவர் வாசிப்பைக் கேட்ட கலிஃபோர்னியா சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். இருவரும் வாசித்தார்கள். கூட்டம் கொண்டாடித் தீர்த்தது.

முன்னேற்பாடு இல்லாத கூட்டணி எப்படி எடுபட்டது? கத்ரியின் பக்கம் இருந்து பார்ப்போம். நாதஸ்வரத்தில் விரல் துளையின் மேலேயே இருக்கிறது. பாதி மூடலாம், வழுக்கலாம், மூச்சை ஏற்றி இறக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டுப் போலத் தனித்தனியாக நிற்கும். தோடியின் காந்தாரத்தை அப்படி நிறுத்தினால் அது தோடியே இல்லை. கத்ரி சாவிகளின் அடிப்பகுதியில் மாற்றங்கள் செய்தார். உதட்டையும் மூச்சையும் பழக்கினார். அந்த வாத்தியத்தை வசப்படுத்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின என்பார்கள். பெல்ஜியத்து அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரீஸில் காப்புரிமை வாங்கிய கருவி, இப்படித்தான் கமகம் பேசக் கற்றுக்கொண்டது.

ஹேண்டியின் தரப்பைப் பலர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் சார்லஸ் மிங்கஸ் குழுவில் வாசித்தவர். 1965 மாண்டரே ஜாஸ் விழாவில் பெயர் வாங்கியவர். ஆனால் பம்பாயில் கைகொடுத்தது வேறொரு அனுபவம். 1975-ல் சரோத் மேதை அலி அக்பர் கானோடும் ஜாகிர் உசேனோடும் ‘கருணா சுப்ரீம்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்திருந்தார். ஜாஸில் சோலோ (தனி வாசிப்பு) பெரும்பாலும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற மாற அவற்றின் மேல் நகரும். நம் இசையில் கார்டு கிடையாது. ஆதார சட்ஜம் அசையாமல் நிற்க, ராகம் விரியும். ஒரே சுருதியில் நின்று கற்பனை செய்வது ஹேண்டிக்குப் புதிதல்ல. கத்ரியும் கார்டைத் துரத்துகிறவர் அல்ல. என் தீர்ப்பு இது: கத்ரி ஜாஸ்காரராக வேஷம் கட்டவில்லை, அதனால் வென்றார். ஹேண்டி கேட்கத் தெரிந்தவர், அதனால் வென்றார்.

இதே பாதையில் 2008-ல் வந்தது ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு. அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் சாக்ஸபோன்காரர் அவர். கத்ரியும் வயலின் ஏ.கன்னியாகுமரியும் அதில் வாசித்தார்கள். இது முன்கூட்டியே எழுதி அமைத்த இசை. பம்பாயின் திடீர்த் தன்மை இதில் கிடையாது, கட்டுமானம் பலம். இரண்டையும் கேட்டவர்களுக்கு கத்ரி வாசித்த ‘டூயட்’ படத்துச் சாக்ஸபோன் ஒரு முன்னுரை மட்டுமே என்று புரியும்.

இதைப் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் அண்ணன் வீடு, மாமா வீடு என்று பாரீஸுக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைய. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் வென்சேன் காட்டிலுள்ள பார்க் ஃப்ளோரால் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கோடைக்கால ஜாஸ் விழாவுக்குப் பேர்போன இடம். மெட்ரோ 1-ம் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜாஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆலாபனையும் கற்பனை ஸ்வரமும் கேட்ட காது போதும். சோலோ நடக்கும்போது வாசிப்பவரை மட்டும் பார்க்காமல் டிரம்ஸையும் பேஸையும் கவனியுங்கள். பாடகருக்கு மிருதங்கம் எங்கே இடம் விடுகிறது என்று கவனிப்போமே, அதே கவனம்தான். ஒவ்வொரு சோலோ முடிந்ததும் கைதட்டுவது அங்கே வழக்கம், தயங்காமல் தட்டலாம். பெரிய விழாக்களில் பல மேடை இருக்கும். ஒரு குழுவை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். மேடைக்கு மேடை ஓடினால் எதுவும் மனதில் தங்காது.

பாரீஸ் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரான்சில் 1982-ல் தொடங்கிய ‘ஃபேத் த லா மியூசிக்’ தெருவிசைத் திருநாள், ஜூன் 21-ஐ ஒட்டி நம் புதுச்சேரியிலும் நடக்கிறது, கட்டணம் இல்லை. ரெட்டியார்பாளையம், வில்லியனூர்ப் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிப்பவர்களும், தேர்பவனிக்குப் பேண்டில் சாக்ஸபோன் ஊதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை ஒரு மணி நேரம் ஒரே சுருதியில் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். விழா ஏற்பாட்டாளர்கள் வரும் ஜூனில் அதற்கு ஒரு மேடை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.